குடகுக்கும் ஊட்டிக்கும் வீடு பிடிக்கும் பெங்களூரு குடும்பங்களுக்கு: ஏமாறாமல் முன்பணம் கொடுப்பது எப்படி

அல்சூரில் குடியிருக்கும் என் அக்காவின் குடும்பம் ஒரு மே மாத வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குடகுக்குப் புறப்பட்டது. அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள், மாமாவின் எழுபத்தெட்டு வயது அம்மா. விராஜ்பேட்டைக்கு அப்பால் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பழைய வீடு, மூன்று இரவுகள், முன்பணம் 18,000 ரூபாய். மதியம் போய்ச் சேர்ந்தார்கள். வீடு இருந்தது. படத்தில் பார்த்த அதே ஓடு, அதே திண்ணை, முற்றத்தில் அதே பலா மரம். கதவைத் திறந்த மூதாட்டிக்கு மட்டும் இவர்கள் யார் என்று தெரியவில்லை. அது அவர் வாழும் வீடு. ஒரு நாள்கூட யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. பேத்தியின் திருமணத்தின்போது எடுத்துப் பொதுவில் போட்ட படங்களை யாரோ எடுத்து விளம்பரமாக்கியிருந்தார்கள். "இந்த மாதம் நீங்கள் மூன்றாவது குடும்பம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, மாமாவுடைய அம்மாவின் களைத்த முகத்தைப் பார்த்து உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

அக்கா படித்தவர், வங்கிக் கணக்குகளைக் கையாண்டு பழகியவர், எச்சரிக்கையானவர். பிறகு எப்படி ஏமாந்தார்? தொலைபேசியில் பேசியவன் நல்ல தமிழில் பேசினான். "நானும் கிருஷ்ணகிரிப் பக்கம்தான் அக்கா. நம் ஆட்கள் என்பதால் இரண்டாயிரம் குறைத்துக்கொள்கிறேன்" என்றான். பெங்களூரில் வாழும் நமக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய திறவுகோல் என்பதை அவன் அறிந்திருந்தான். வேற்று மொழி ஊரில் நம் மொழி காதில் விழுந்தால் மனம் இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம்.

அந்த மோசடியில் வீடு உண்மை. பணம் போன வங்கிக் கணக்கு உண்மை. யாரோ ஒருவர் பெயரில் முறையாகத் திறக்கப்பட்டது. பேசிய ஆளும் இருக்கிறான். வீட்டுக்கும் ஆளுக்கும் கணக்குக்கும் இடையில் இருந்த தொடர்புதான் பொய். ஆகவே "இந்த வீடு இருக்கிறதா?" என்று தேடுவது போதாது. இந்த வீட்டுக்கும் இந்த ஆளுக்கும் என்ன உறவு, இந்த ஆளுக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன உறவு என்ற இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு முடிச்சுகளைப் பற்றியவை.

முதல் படி: சீசனை அறிந்துகொண்டு விலையைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களின் வார இறுதிகள், தசரா விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்கள்: இவைதாம் பெங்களூரிலிருந்து மலையேறுபவர்கள் முட்டி மோதும் காலம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் நல்ல வீடுகள் வெகு முன்பே நிரம்பிவிடும். அந்த மாதத்தில் எந்தத் தேதியைக் கேட்டாலும் "காலியாக இருக்கிறது" என்று பதில் வந்தால், அது அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அதே ஊரில், அதே தேதிகளுக்கு, அதே அளவுள்ள நான்கைந்து வீடுகளின் வாடகையைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதிக்கும் கீழே இருந்தால் அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஆனால் விலை சரியாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. அக்காவிடம் கேட்ட வாடகை சந்தை விலையைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். தேர்ந்த ஏமாற்றுக்காரன் அடிமாட்டு விலை சொல்லிச் சந்தேகத்தைக் கிளப்புவதில்லை.

இரண்டாம் படி: படங்களின் பூர்வீகம்

அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே வரவேற்பறை கோவாவில் ஒரு வில்லாவாகவும் மூணாறில் ஒரு காட்டேஜாகவும் வந்தால் கதை முடிந்தது. ஒன்றும் வராவிட்டால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியார் திருமண ஆல்பத்திலிருந்து எடுத்த படங்கள் தேடலில் சிக்காமல் போகலாம். பிறகு வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் அந்த இடத்தைப் பாருங்கள். "ஏரியைப் பார்த்த வீடு" என்று சொன்னால் அங்கே ஏரி இருக்க வேண்டும். சரியான இடக்குறியைத் தர மறுத்து, "மடிக்கேரிக்கு வந்துவிட்டுக் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறேன்" என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

மூன்றாம் படி: வீட்டுக்கும் ஆளுக்கும் உள்ள முடிச்சு

பெரும்பாலானவர்கள் தாவிச் சென்றுவிடும் படி இதுதான். சற்று நேரம் பிடிக்கும். ஒரு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

எண்ணை நீங்களே தேடிப் பிடியுங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் பணம் கட்டிய விளம்பரங்கள், முகநூல் பக்கங்கள், வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் அட்டைகள் ஆகியவற்றில் உண்மையான விடுதியின் பெயரையும் படங்களையும் போட்டுத் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். வரைபடத்தில்கூடப் போலி எண்ணைச் செருகிவிட முடியும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட எச்சரிக்கை இதைப் பற்றியதுதான்: யாத்ரீகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்துப் போலி இணையதளங்களும் போலிப் பக்கங்களும் நடத்தப்படுகின்றன என்று அது சொன்னது. ஆகவே குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு எண்ணைக் கேளுங்கள். கர்நாடகத்தில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழின் படத்தை வாங்கிக்கொண்டு, மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தின் எண்ணை அரசு இணையதளத்திலிருந்து எடுத்துக் கேட்டுச் சரிபாருங்கள். பதிவு செய்யாமலே நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அனுமதியற்ற கட்டடத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தால் உங்கள் விடுமுறையும் அதோடு போகும்.

ஜிஎஸ்டி எண் கொடுத்தால், அது 15 இடங்கள் கொண்டதா என்று எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு எண்கள் மாநிலக் குறியீடு: கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. சிக்கமகளூரு எஸ்டேட் என்று சொல்லிக்கொண்டு வேறு மாநிலக் குறியீடு உள்ள எண்ணைத் தந்தால், ஏன் என்று கேளுங்கள். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணை இலவசமாகத் தேடலாம். யார் பெயரில், எப்போது பதிவானது, இன்னும் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். சிறு வீட்டுக்காரர்களுக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருப்பது இயல்பு. இல்லாத எண்ணை இருப்பதாகச் சொல்வதுதான் குற்றம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மின் இணைப்பு எண். "வீட்டின் மின் இணைப்பு எண்ணைக் கொடுங்கள் ஐயா, சரிபார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். குடகென்றால் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனம், சிக்கமகளூரு என்றால் மங்களூரு மின் நிறுவனம். உங்கள் கைப்பேசியில் மின்கட்டணம் செலுத்தும் பகுதியில் அந்த நிறுவனத்தைத் தேர்ந்து எண்ணை இட்டால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரோ அதன் ஒரு பகுதியோ வழக்கமாகத் திரையில் தோன்றும். கட்டணம் எதுவும் செலுத்த வேண்டாம், பார்த்துவிட்டு வெளியேறுங்கள். பெயர் பொருந்தினால் முடிச்சு ஓரளவு உறுதி. "அது காலமான என் தந்தையின் பெயர்" என்று பதில் வரலாம். நம் வீடுகளில் அது சகஜம்தான். அப்படியானால் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள். கட்டண ரசீதின் படத்தை மட்டும் ஏற்காதீர்கள். படத்தில் பெயரை மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

அடுத்த சோதனை, பக்கத்தில் இருப்பவர்கள். வரைபடத்தில் அந்த வீட்டுக்கு அருகே உள்ள மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், வேறொரு ஹோம்ஸ்டே எதுவாக இருந்தாலும் எண்ணை எடுத்துக் கூப்பிட்டு, "அங்கே தங்க வருகிறோம், இன்னாருடைய வீடு தெரியுமா, வாடகைக்கு விடுகிறார்களா?" என்று கேளுங்கள். மலையூர்களில் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் குறைவு. அக்கா இந்த ஓர் அழைப்பைச் செய்திருந்தால், அந்த மூதாட்டியின் வீடு வாடகை வீடல்ல என்பதை அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். அலுவலகத்தில் குடகுக்காரரோ சிக்கமகளூருக்காரரோ இருந்தால் அவரிடமும் கேளுங்கள். பெங்களூரில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போவது அரிது.

கடைசியாக, வீடியோ அழைப்பு. பதிவு செய்து அனுப்பிய வீடியோ வேண்டாம், நேரடி அழைப்பு. வெளிவாசலில் தொடங்கி, பெயர்ப்பலகை இருந்தால் அதைக் காட்டி, உள்ளே நடந்து சமையலறைக் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "இங்கே சிக்னல் இல்லை" என்பது மலையில் உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து, கையில் வீட்டுச் சாவியோடு பேசும்படி கேட்பதில் பயனில்லை, சாவி யாரிடமும் இருக்கும். இன்னொரு நாள் பேசலாம் என்று காத்திருங்கள். வீட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவனும் இப்படிச் சுற்றிக் காட்ட முடியும் என்பதால், வீடியோ ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நான்காம் படி: ஆளுக்கும் கணக்குக்கும் உள்ள முடிச்சு

யுபிஐயில் பணம் அனுப்புவதற்கு முன் திரையில் வங்கியில் பதிவான பெயர் தோன்றும். அந்தப் பெயரைப் படியுங்கள். பேசுபவர் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். "அது என் மேலாளர் கணக்கு", "மனைவியின் கணக்கு", "என் கணக்கில் இன்று வரம்பு முடிந்துவிட்டது" என்ற மூன்று பதில்களையும் அக்கா கேட்டிருக்கிறார், வெவ்வேறு நாட்களில், ஒரே வாயிலிருந்து. மோசடிக் கும்பல்கள் பிறர் பெயரில் உள்ள கணக்குகளை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதால் பெயர் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பொருந்தாத பெயருக்குக் கதை சொல்வதுதான் அவர்கள் தொழில்.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் பத்து முறை சொல்லுங்கள். "முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின்னை இடுங்கள்" என்று யார் சொன்னாலும், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். அதேபோல "புக்கிங் ரசீது" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) திறக்காதீர்கள். ரசீது என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள்.

எவ்வளவு முன்பணம்? என் கணிப்பில் மொத்த வாடகையில் கால் பங்குக்கு மேல், முன்பின் அறியாத ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது. மீதியை வீட்டுக்குள் நுழைந்து பார்த்த பிறகு கொடுக்கலாம். சீசனில் சில நேர்மையான வீட்டுக்காரர்கள் பாதி கேட்பார்கள். வராமல் ஏமாற்றும் விருந்தினர்களால் அவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். ஆனால் முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்பவரிடமும், ஒரு முறை கொடுத்த பிறகு "திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை", "சுத்தம் செய்யும் கட்டணம்", "வரி" என்று படிப்படியாகக் கேட்பவரிடமும் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். அக்காவிடமிருந்து 12,000 முதலில் போனது. பயணத்துக்கு முந்தைய மாலை "காப்புத்தொகை" என்று மேலும் 6,000 வாங்கினான். இரண்டாவது முறை கேட்டபோதே மனத்தில் ஏதோ நெருடியது என்று அக்கா இன்றும் சொல்கிறார். ஆனால் பெட்டி கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் ஆவலோடு இருந்தார்கள், மாமியாருக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பார்கள்.

தங்குமிடத் தளங்கள் வழியாகப் பதிவு செய்தால், பணமும் பேச்சும் அந்தத் தளத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் விருந்தினர் வந்து சேர்ந்து ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குப் பிறகே வீட்டுக்காரருக்குப் பணம் விடுவிக்கப்படுகிறது. அந்த இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு. "தளத்தின் கமிஷன் மிச்சம், நேரடியாக அனுப்புங்கள், பத்து சதவீதம் குறைக்கிறேன்" என்பவர் அந்தப் பாதுகாப்பையே கழற்றச் சொல்கிறார். கிரெடிட் கார்டில் செலுத்த வழியிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிட இடமுண்டு.

பணம் அனுப்பும் முன் இன்னொரு சிறு வேலை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் சந்தேக எண்களைத் தேடும் வசதி இருக்கிறது. பேசியவரின் தொலைபேசி எண்ணையும் யுபிஐ முகவரியையும் அதில் இட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் இருந்தால் தெரிந்துவிடும்.

ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். அவர் தன் ஆதாரையோ ராணுவ அடையாள அட்டையையோ கேட்காமலே அனுப்பி நம்பிக்கை ஊட்டினால், அது அவருடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? பிறரிடம் வாங்கிய நகல்களைத்தான் அடுத்தவருக்குக் காட்டுகிறார்கள்.

மாதக் கணக்கில் எடுப்பவர்களுக்கு

கோடை இரண்டு மாதமும் பெற்றோரைக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ தங்கவைக்கும் குடும்பங்கள் பெங்களூரில் நிறைய இருக்கின்றன. தொகை பெரியது என்பதால் சோதனையும் பெரியதாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்காமல் இரண்டு மாத வாடகையைக் கொடுக்காதீர்கள். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கினால், தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா விவரத்தை அரசின் இணையச் சேவையிலும், கர்நாடகத்தில் நில உரிமைப் பதிவான பஹணியை அரசின் பூமி தளத்திலும் பார்க்கலாம். வாடகைக்கு விடுபவர் உரிமையாளர் இல்லை, பராமரிப்பவர்தான் என்றால் உரிமையாளரோடு நேரடியாகப் பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பராமரிப்பவரே ஒரே வீட்டை இரண்டு குடும்பங்களுக்கு விடுவதும் நடக்கிறது. சிறு ஒப்பந்தம் எழுதி, தேதிகள், தொகை, காப்புத்தொகை திரும்பும் நாள், ரத்து செய்தால் என்ன என்ற நான்கையும் குறித்துவிட்டால் போதும்.

புறப்படும் நாள்

முந்தைய நாள் காலையில் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். எண் அணைந்திருந்தால் மாற்று ஏற்பாடு தேட உங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். மைசூரு வழியாக ஊட்டி செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். இரவில் ஏமாற்றம் தெரிந்தால், அந்த வழியாகத் திரும்பி வரவும் முடியாது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் கட்டாயம். அது இலவசம், தமிழ்நாடு அரசின் தளத்தில் நீங்களே எடுக்கலாம். "இ-பாஸோடு சேர்த்து வீடு, பாஸுக்கு ஆளுக்கு 300 ரூபாய்" என்று யாராவது கேட்டால், அந்த வீட்டையும் சந்தேகியுங்கள்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதுக்கும் பொதுவான சைபர் நிதி மோசடி உதவி எண் அது. பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். அது எங்காவது நிற்கும்போது முடக்குவதுதான் அந்த உதவி எண்ணில் இருப்பவர்களின் வேலை. அழைக்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, பணம் போன யுபிஐ முகவரி அல்லது கணக்கு எண், பேசியவனின் தொலைபேசி எண்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரைப் பதிவு செய்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பெங்களூரில் சைபர் குற்றங்களை விசாரிக்கும் தனிக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. "சம்பவம் குடகில் நடந்தது, அங்கே போங்கள்" என்று எந்த நிலையத்திலும் திருப்பி அனுப்ப முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வழிசெய்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அவன் எண்ணைத் தடுத்துவிட்டு உரையாடலையும் நீக்கிவிடுகிறோம், அதுதான் சாட்சி. சில நாட்கள் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் செலுத்துங்கள்" என்று ஒருவர் அழைத்தால், அவரும் அதே தொழில்தான்.

வீடும் விளம்பரமும் உண்மை, ஆனால் சொன்னது வேறு, கொடுத்தது வேறு என்றால் அது நுகர்வோர் தகராறு. அதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மாமா அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபடியே 1930-ஐ அழைத்தார். முதலில் அனுப்பிய 12,000 எப்போதோ போய்விட்டிருந்தது. முந்தைய மாலை அனுப்பிய 6,000 ஒரு கணக்கில் தேங்கியிருந்ததால் முடக்கப்பட்டு, பல மாதங்கள் கழித்து நீதிமன்ற உத்தரவோடு திரும்பியது. ஊர் திரும்பிய இரவே அக்கா அந்த விளம்பரம் வந்த தளத்தில் அது போலி என்று புகாரளித்தார். அந்த எண்ணை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகாரளிப்பதற்கென்று உள்ள சக்ஷு வசதியிலும் பதிவு செய்தார். மூதாட்டியின் பேத்தியை அழைத்து, திருமணப் படங்களைப் பொதுவிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். நான்காவது குடும்பம் அந்த வாசலில் வந்து நின்றதாக இதுவரை செய்தி இல்லை.